பழைய டீசல் பிக்கப் ஹீட் ஆகிறதா? பாகம் மாற்றும் முன் பார்க்க வேண்டிய வரிசை

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். லோடு ஏற்றிக்கொண்டு போகும் நாட்களில், ஒன்பதாவது வளைவைத் தொடுவதற்குள் பானெட்டைத் தூக்கி வைத்து நிற்கும் பிக்கப் ஒன்றைப் பார்த்துவிடுவேன். நிறுத்தி விசாரித்தால் வரும் பதில் பெரும்பாலும் இதுதான்: “ரேடியேட்டர் மாத்தியாச்சு, வாட்டர் பம்ப் மாத்தியாச்சு, தெர்மோஸ்டாட் வால்வையும் கழட்டிப் போட்டாச்சு. அப்படியும் ஹீட் ஆகுதுங்க.”

இவர்கள் காசு செலவழிக்கத் தயங்கியவர்கள் இல்லை. எதை முதலில் பார்ப்பது என்று யாரும் சொல்லித்தராததால் யூகத்தில் பாகம் மாற்றியவர்கள். என் வண்டியிலும் ஒருமுறை அப்படித்தான் நடந்தது. ஹெட் கேஸ்கட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) மாற்றிய மூன்றாவது மாதம் அதே கேஸ்கட் மறுபடியும் போனது. முதல்முறை அது ஏன் போனது என்று நானும் கேட்கவில்லை, வேலை பார்த்தவரும் தேடவில்லை.

இங்கே சொல்லும் வரிசை, முன்னால் ரேடியேட்டர், அதன் பின்னால் எஞ்சினே சுழற்றும் ஃபேன் என்று அமைந்த பழைய டீசல் பிக்கப்களுக்கு உரியது. பொலேரோ பிக்கப், டாடா 207 போன்றவற்றை மனதில் வைத்து எழுதுகிறேன். டாடா ஏஸ் மாதிரி சீட்டுக்குக் கீழே எஞ்சின் உள்ள வண்டிக்குப் பாகங்கள் இருக்கும் இடம் மாறும், தேடும் வரிசை பெரிதாக மாறாது.

1. ஓடும்போது வெப்ப மீட்டர் முள் ஏறினால் முதல் ஐந்து நிமிடம்

ஏசி இருந்தால் உடனே அணையுங்கள். ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில், முழு வேகத்தில் போடுங்கள். ஹீட்டருக்குள்ளும் ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கை அது கேபினுக்குள் இறக்கிவிடும். உங்களுக்கு வேர்க்கும், எஞ்சின் பிழைக்கும்.

பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஆவி வரவில்லை, தண்ணீர் ஒழுகவில்லை, முள் சிவப்பைத் தொடவில்லை என்றால் ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் ஓட விடலாம். பம்பும் ஃபேனும் சுழன்றுகொண்டிருப்பதால் சூடு இறங்கும். ஆவி கிளம்பினாலோ, தண்ணீர் கொட்டினாலோ, முள் சிவப்புக்குள் போய்விட்டாலோ அந்த நொடியே அணைத்துவிடுங்கள். தண்ணீரில்லாமல் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் ஹெட் வளையும் நிமிடம்.

ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். உள்ளே தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போயும் அழுத்தத்தால் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் போய், தண்ணீர் சடாரென்று கொதித்துப் பொங்கி ஆவியோடு முகத்தில் அடிக்கும். எஞ்சினிலிருந்து ரேடியேட்டரின் மேல் பக்கத்துக்கு வரும் ரப்பர் குழாயை, அதாவது மேல் ஹோஸை, துணியோடு பிடித்து அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் காத்திருக்க வேண்டும். மெத்தென்று அமுங்கும் வரை, குறைந்தது முக்கால் மணி நேரம் விடுங்கள்.

சூடான எஞ்சினுக்குள் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும், வெளியே வாளியால் அடிப்பதும் வேண்டாம். வார்ப்பிரும்பு திடீரென்று ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்தால் விரிசல் விடும். ஆறிய பிறகு எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

2. தேடத் தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தடித்த கையுறை, டார்ச், வழக்கமான ஸ்பேனர் செட், ஹோஸ் கிளிப்புக்கு ஸ்க்ரூ டிரைவர், அகலமான பழைய வாளி, சமையல் வெப்பமானி, ஒரு நோட்டு. இவை அவசியம்.

துப்பாக்கி மாதிரி இருக்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள். இந்த வேலையில் அதற்கு ஈடாக எதுவும் இல்லை. பளபளப்பான உலோகத்தின் மேல் அது குறைவாகக் காட்டும். அளக்கும் இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டிவிட்டு, அதன் மேல் பிடித்து அளந்தால் சரியாக வரும்.

தண்ணீருக்கு டிஸ்டில்டு வாட்டர் பத்து லிட்டர், வண்டிக் கையேடு சொல்லும் வகைக் கூலண்ட் (தண்ணீரோடு கலந்து ஊற்றும் திரவம்). போர் தண்ணீரை ஊற்றவே ஊற்றாதீர்கள். வீட்டுப் பாத்திரத்தின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவம்தான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் எஞ்சின் சுவரிலும் படிகிறது. அது சூட்டை வெளியே விடாது.

கூலண்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். வடித்த வாளியைத் திறந்து வைத்தால் நாயோ கன்றுக்குட்டியோ குடித்துவிடும். வடித்த உடனே மூடிவையுங்கள்.

3. எப்போது ஹீட் ஆகிறது என்று எழுதுங்கள்

எல்லோரும் தாண்டிப் போகும் படி இது. ஸ்பேனர் எடுக்கும் முன் இரண்டு மூன்று நாள் வண்டியைக் கவனித்து நோட்டில் எழுதுங்கள். எந்தச் சாலை, எவ்வளவு லோடு, கிளம்பி எத்தனை நிமிடத்தில், நிற்கும்போதா ஓடும்போதா. இந்தக் குறிப்பு பாதிக் காரணங்களை அடித்துவிடும்.

நெரிசலில் நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால், ஃபேன் காற்று இழுக்கவில்லை. ஓடும்போது காற்று தானாக வருவதால் பிரச்சினை மறைந்துவிடுகிறது.

கோவை ரோட்டில் வேகமாகப் போகும்போதோ ஏற்றத்தில் லோடோடு போகும்போதோ மட்டும் ஏறினால், ரேடியேட்டர் அடைப்பு, பம்பின் இறக்கை தேய்வு, கீழ் ஹோஸ் ஒட்டிக்கொள்வது ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். எஞ்சின் அதிகச் சூட்டை உண்டாக்குகிறது, தண்ணீர் ஓட்டமோ ரேடியேட்டரோ அதற்கு ஈடுகொடுக்கவில்லை.

காலையில் கிளம்பிச் சில நிமிடங்களிலேயே ஏறினால், தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறியதும் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வு) மூடியபடி நின்றிருக்கலாம், உள்ளே காற்று அடைத்திருக்கலாம், ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம்.

வெளியே சொட்டுக்கூட ஒழுகாமல் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால், ரேடியேட்டர் மூடியை முதலில் பாருங்கள், அப்புறம் கேஸ்கட்டை.

4. மீட்டர் முள் உண்மை சொல்கிறதா?

முள் ஏறிய நேரத்தில், தெர்மோஸ்டாட் உட்கார்ந்திருக்கும் வார்ப்புக் கூட்டின் மேல் வெப்பமானியைப் பிடியுங்கள். 85 முதல் 95 டிகிரி வரை காட்டினால் எஞ்சின் நலமாகத்தான் இருக்கிறது. பழுது சென்சாரிலோ வயரிலோ. ஹெட்லைட் போட்டதும் முள் நகர்ந்தால் எர்த் வயர் சரியில்லை என்று அர்த்தம். துரு பிடித்த எர்த் முனையைச் சுரண்டி இறுக்கினாலே சரியாகிவிடும். இதற்காக ரேடியேட்டர் மாற்றியவரைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு நேரெதிரான ஆபத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். சென்சார் தண்ணீரில் மூழ்கி இருந்தால்தான் சரியாக அளக்கும். தண்ணீர் மொத்தமும் போய்விட்டால் சென்சாரைச் சுற்றி வெறும் காற்றும் ஆவியும் இருக்கும், முள் கீழே விழக்கூடும். மேலே ஏறிய முள் திடீரென்று தானாக இறங்கினால் நிம்மதி அடையாதீர்கள், உடனே நிறுத்துங்கள். அப்படி நிம்மதியோடு ஓட்டித்தான் பல எஞ்சின்கள் சிக்கிக்கொள்கின்றன.

5. தண்ணீர் இருக்கிறதா, எங்கே போகிறது?

எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும் காலையில் பாருங்கள். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் கூலண்ட் பாட்டிலை மட்டும் பார்த்துவிட்டு விடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. ரேடியேட்டர் மூடியையும் திறந்து, கழுத்து வரை தண்ணீர் நிற்கிறதா பாருங்கள். பாட்டில் நிறைந்தும் ரேடியேட்டர் குறைந்தும் இருந்தால், ஆறும்போது தண்ணீர் திரும்ப இழுக்கப்படவில்லை. மூடியின் வால்வு வேலை செய்யவில்லை, அல்லது பாட்டிலுக்குப் போகும் சின்னக் குழாயில் ஓட்டை.

கசிவைத் தேட டார்ச்சும் பொறுமையும் போதும். சூடாக இருக்கும்போது சொட்டும் தண்ணீர் எஞ்சின் மேலேயே காய்ந்துவிடும். அதனால் ஈரத்தைத் தேடாமல் கறையைத் தேடுங்கள். வெள்ளை, பச்சை, துருச் சிவப்பு நிறத்தில் ஒழுகிக் காய்ந்த கோடு இருக்கும். ஹோஸ் கிளிப் ஓரம், ரேடியேட்டரின் மேல் கீழ் டேங்க் இணைப்பு, ஹீட்டர் குழாய்கள், எஞ்சின் பக்கவாட்டில் தகடு மாதிரி அடித்திருக்கும் கோர் பிளக்குகள், வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சிறு ஓட்டை என்று வரிசையாகப் பாருங்கள். பம்பின் அந்த ஓட்டையில் கறை இருந்தால் உள்ளே சீல் போய்விட்டது, பம்பு மாற்றத்தான் வேண்டும். ஓட்டையை எம்சீல் வைத்து அடைக்காதீர்கள். சீலைத் தாண்டிய தண்ணீர் வெளியேறத்தான் அந்த வழி. அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போய், பம்பும் ஃபேனும் சேர்ந்து ரேடியேட்டருக்குள் பாயும்.

கறை எதுவும் கிடைக்கவில்லை என்றால் ரேடியேட்டர் கடையில் கைப்பம்பு வைத்து அழுத்தம் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மூடியில் அச்சிட்ட அளவுக்கு மட்டும் ஏற்றி, 15 நிமிடம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் நன்றாக இருக்கும் இணைப்பும் பிய்ந்துவிடும்.

மஞ்சள் தூள் பற்றி ஒரு வார்த்தை. நடுக்காட்டில் ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போட்டு வீடு வந்து சேர்வது நம் டிரைவர்களின் பழைய கைமருந்து. சின்னக் கசிவை அது அடைக்கும், உண்மைதான். ஆனால் ஓட்டை எது, குழாய் எது என்று அதற்குத் தெரியாது. வீடு சேர்ந்த மறுநாளே வடித்து, அலசி, ஓட்டையைச் சரிசெய்யுங்கள். அப்படியே விட்டு வருடக்கணக்கில் ஓட்டிய ரேடியேட்டரைப் பிரித்தால் அடியில் சேறுதான் இருக்கும்.

6. ரேடியேட்டர் மூடி

எல்லாவற்றிலும் மலிவான பாகம், கடைசியில் யோசிக்கப்படும் பாகம். மேலே 0.9 என்றோ 13 என்றோ அச்சிட்டிருக்கும். முதலாவது பார் கணக்கு, இரண்டாவது பிஎஸ்ஐ கணக்கு, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. அந்த அழுத்தம் நின்றால் வெறும் தண்ணீர்கூடச் சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் வெடித்து அழுத்தம் நிற்காவிட்டால் 100-லேயே கொதிக்கும். வால்பாறை 3,500 அடி உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் 97 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். கீழே பொள்ளாச்சியில் சமாளித்த வண்டி மேலே போனதும் பொங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரப்பர் வெடிப்பு, ஸ்பிரிங் தளர்வு, நடுவில் இருக்கும் குட்டி வால்வு ஒட்டிக்கொண்டிருப்பது ஆகியவற்றைப் பாருங்கள். ஆறிய பிறகு மேல் ஹோஸ் உறிஞ்சப்பட்டுச் சப்பையாக இருந்தால் அந்தக் குட்டி வால்வுதான் காரணம். சந்தேகம் இருந்தாலே மாற்றுங்கள், ஆனால் அதே அளவு அச்சிட்டதைத்தான் வாங்க வேண்டும். அதிக அழுத்த மூடி போட்டால் ஹீட் குறையும் என்று விற்பார்கள். குறையாது, பழைய ஹோஸ்தான் வெடிக்கும்.

7. ரேடியேட்டருக்குக் காற்று போகிறதா?

எங்கள் பக்கம் தென்னை நார் தூசி. உங்கள் ஊரில் வைக்கோல் தூளோ பஞ்சோ சிமென்ட் தூசியோ இருக்கலாம். ரேடியேட்டரின் முன்புறம் சுத்தமாகத் தெரியும், ஏசி வண்டியில் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் மெத்தை மாதிரி படிந்திருக்கும். பின்னாலிருந்து டார்ச் அடித்து முன்னால் வெளிச்சம் வருகிறதா பாருங்கள். வரவில்லை என்றால் காற்றும் வராது.

கழுவும்போது எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடியுங்கள். தூசி வந்த வழியே திரும்ப வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் இன்னும் ஆழமாகப் போய்ச் செருகிக்கொள்ளும். வாட்டர் சர்வீஸ் கன்னை நெருக்கமாகப் பிடிக்கவே கூடாது. மெல்லிய இதழ்கள் ஒரு நொடியில் மடிந்து படுத்துவிடும், அப்புறம் நிமிர்த்துவதற்குள் பொழுது போய்விடும்.

ஃபேனைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் கவசத்தைப் பாருங்கள். விபத்திலோ ரேடியேட்டர் வேலையிலோ உடைந்ததும் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஃபேன் சுழல்கிறதே, இது எதற்கு என்று தோன்றும். கவசம் இருந்தால்தான் ஃபேன் ரேடியேட்டர் முழுப் பரப்பிலிருந்தும் காற்றை இழுக்கும். இல்லாவிட்டால் எஞ்சின் பக்கத்துச் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருக்கும். நெரிசலில் மட்டும் ஹீட் ஆகும் பல வண்டிகளின் கதை இதுதான்.

கிரில்லுக்கு முன்னால் கட்டியிருக்கும் கொசுவலை, பெரிய மாலை, கூடுதல் விளக்கு, அகலப் பலகை எல்லாமே காற்றை மறைப்பவை. மாலையைக் கண்ணாடிக்கு மேலே மாற்றிக் கட்டினால் போதும்.

8. ஃபேனும் பெல்ட்டும்

பெல்ட்டை எஞ்சின் அணைத்திருக்கும்போது இரண்டு புல்லிகளுக்கு நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். பொதுவாக 10 முதல் 12 மில்லிமீட்டர் இறங்கினால் சரி. பக்கவாட்டு கண்ணாடி மாதிரி பளபளத்தால் அது வழுக்கிக்கொண்டிருந்த பெல்ட். இறுக்கினாலும் மறுபடி வழுக்கும், மாற்றிவிடுங்கள்.

ஃபேன் நடுவில் உருண்டையாக விஸ்கஸ் கப்ளிங் இருந்தால் அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். உள்ளே சிலிக்கான் எண்ணெய் இருக்கிறது. முன்னால் உள்ள உலோகச் சுருள் சூட்டை உணர்ந்ததும் எண்ணெய் பாய்ந்து ஃபேனை இறுக்கிப் பிடிக்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின் அணைத்து, சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுவிட்டு, ஃபேனைக் கையால் சுற்றி விடுங்கள். தடையோடு உடனே நின்றால் சரி. இரண்டு மூன்று சுற்று லேசாக ஓடினால் கப்ளிங் போய்விட்டது. அதன் முகத்தில் எண்ணெய் கசிந்து தூசி ஒட்டியிருந்தாலும் அதே முடிவு.

கடைசியாக, ஃபேன் சரியான பக்கம் பார்த்து மாட்டப்பட்டிருக்கிறதா பாருங்கள். வேலைக்குக் கழற்றியவர் முன்பின் மாற்றி மாட்டிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. சுழலும், சத்தமும் வரும், காற்று மட்டும் பாதிதான் வரும்.

9. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடாதீர்கள், சோதியுங்கள்

எஞ்சின் ஆறிய நிலையிலிருந்து ஓட விட்டு, மேல் ஹோஸை வெப்பமானியால் அளந்துகொண்டே இருங்கள். கொஞ்ச நேரம் ஹோஸ் குளிர்ந்தே இருக்கும், பிறகு தெர்மோஸ்டாட் திறந்ததும் சடாரென்று சூடேறும். எஞ்சின் 95-ஐத் தாண்டியும் ஹோஸ் சூடேறவில்லை என்றால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை.

கழற்றி எடுத்து, ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது, அடி தண்ணீரைவிடச் சூடாக இருக்கும். மேலே 82 என்று அச்சிட்டிருந்தால் அந்த வெப்பத்தில் திறக்கத் தொடங்கி, அதற்கு மேல் 10, 15 டிகிரிக்குள் முழுதாகத் திறக்க வேண்டும். திறக்கும் அளவு பெரும்பாலும் 8 மில்லிமீட்டருக்குக் குறையாது. பாதி திறந்து நின்றாலும் அது பழுதுதான். மேட்டில் லோடு இழுக்கும்போது அந்தப் பாதித் திறப்பு போதாது.

இப்போது “வால்வைக் கழட்டிட்டா பிரச்சினை தீந்துது” என்பவர்களுக்கு. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு அடியில் இன்னொரு தட்டு இருக்கும். மேல் வழி திறக்கும்போது அந்தத் தட்டு குறுக்கு வழியை மூடும். தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டால் குறுக்கு வழி எப்போதும் திறந்திருக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குத் திரும்பும், அதாவது ஏற்றத்தில் ஹீட் இன்னும் அதிகமாகும். சமவெளியில் எஞ்சின் வேண்டிய சூட்டுக்கே வராமல் டீசல் அதிகம் குடிக்கும், ஆயிலும் சீக்கிரம் கெடும். நம் ஊர் வெயிலுக்கு வால்வு தேவையில்லை என்ற பேச்சில் உண்மையில்லை.

திரும்ப மாட்டும்போது ஸ்பிரிங் உள்ள பக்கம் எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். விளிம்பில் ஒரு சின்ன ஓட்டையோ ஆடும் ஊசியோ இருந்தால் அது மேலே வரட்டும். உள்ளே மாட்டும் காற்று அதன் வழியாகத்தான் தப்பிக்கும்.

10. தண்ணீர் சுற்றுகிறதா?

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். எனக்குத் தெரிந்து அதிகப் பணம் வீணானது இங்கேதான்.

முதலில் கீழ் ஹோஸ். ரேடியேட்டரிலிருந்து பம்பு தண்ணீரை உறிஞ்சும் பக்கம் அது. பல ஹோஸ்களில் சுருங்காமல் இருக்க உள்ளே ஒரு சுருள் கம்பி இருக்கும். கம்பி துருப்பிடித்துக் கரைந்துபோனால், எஞ்சினை ரேஸ் செய்யும்போது ஹோஸ் உறிஞ்சப்பட்டு இரண்டு சுவரும் ஒட்டிக்கொள்ளும். நிற்கும்போது பார்த்தால் ஒழுங்காக இருக்கும். அதனால் ஒருவர் ரேஸ் செய்ய, இன்னொருவர் ஃபேனிலிருந்து தள்ளி நின்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பக்கத்து ஊர் அண்ணன் ஒருவர் ரேடியேட்டர், பம்பு, தெர்மோஸ்டாட் எல்லாம் மாற்றிய பிறகும் ஹீட் நிற்காமல் வண்டியை விற்கப் பார்த்தார். பழுது இந்த ஹோஸில் இருந்தது.

அடுத்து ரேடியேட்டரின் உட்புறம். எஞ்சின் முழுச் சூட்டில் இருக்கும்போது ரேடியேட்டர் முகத்தில் வரிசையாக அளந்து நோட்டில் கட்டம் போட்டு எழுதுங்கள். தண்ணீர் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை சூடு சீராகக் குறைந்தால் நல்லது. நடுவில் ஒரு திட்டு மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன.

பிறகு இரண்டு ஹோஸ்களின் சூட்டை ஒப்பிடுங்கள். லோடில் ஓட்டி வந்ததும் அளந்தால் மேல் ஹோஸுக்கும் கீழ் ஹோஸுக்கும் சுமார் 10 டிகிரி வித்தியாசம் இருப்பது இயல்பு. 25, 30 என்று பெரிய வித்தியாசம் வந்தால் தண்ணீர் மெதுவாக நகர்கிறது: பம்பு, ஹோஸ், அடைப்பு. எஞ்சின் கொதிக்கும்போதும் இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தால் தண்ணீர் ஓடுகிறது, ரேடியேட்டர் சூட்டை இறக்கவில்லை. காற்றுப் பக்கம் திரும்பிப் பாருங்கள், அல்லது உள்ளே உப்புப் படிவம். இந்த ஒரு அளவு, பம்பு மாற்றுவதா ரேடியேட்டர் பார்ப்பதா என்ற குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டர் என்றால் கடையில் டேங்கைப் பிரித்து, குழாய்களுக்குள் மெல்லிய பட்டைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து மறுபடி பற்றவைத்துத் தருவார்கள். நல்ல வேலை, செய்யத் தகுந்தது. அலுமினியமும் பிளாஸ்டிக் டேங்கும் உள்ளதற்கு அது ஒத்துவராது, மோசமாக அடைத்திருந்தால் மாற்றுவதே வழி. அலுமினியத்துக்குள் கண்ட ஆசிட்டையும் ஊற்ற வேண்டாம், அரித்து ஓட்டையாக்கிவிடும்.

பம்பின் பேரிங்கை, அணைத்த எஞ்சினில் ஃபேனைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தால் தெரியும். ஆட்டம் இருக்கக்கூடாது. உள்ளே இறக்கை தேய்ந்திருப்பது வெளியே தெரியாது. பல வருடம் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியில் இறக்கை பாதியாகக் கரைந்திருப்பதைப் பார்க்கலாம். மேலே சொன்ன பெரிய வித்தியாசம் இருந்து, ஹோஸும் ரேடியேட்டரும் நன்றாக இருந்தால், பம்பைக் கழற்றிப் பாருங்கள்.

11. சூடு வேறு எங்கிருந்தாவது வருகிறதா?

ஹெட்டைக் கழற்றும் முன் இதையும் முடித்துவிடுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்து நான்கு சக்கர நடுப்பகுதிகளையும் அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, எஞ்சின் அதையும் சேர்த்து இழுக்கிறது. கிளட்ச் வழுக்கினாலும் இதே நிலைதான். டீசல் பம்பு டைமிங் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நேரம்) மாறியிருந்தாலும், ஏர் ஃபில்டர் அடைத்துக் கறும்புகை வந்தாலும், சைலன்சர் உள்ளே அடைத்திருந்தாலும் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். டீசல் பம்பைக் கழற்றி மாட்டிய பிறகுதான் ஹீட் தொடங்கியது என்றால் டைமிங்கை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓட்டும் முறையும் காரணமாகலாம். மேட்டில் மேல் கியரிலேயே இழுத்தால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும், பம்பும் ஃபேனும் மெதுவாகச் சுற்றும், ஆனால் டீசல் முழுதாக எரியும். ஒரு கியர் குறையுங்கள். எஞ்சின் சத்தம் கூடும், முள் இறங்கும்.

12. ஹெட் கேஸ்கட்: உறுதி செய்த பிறகே கழற்றுங்கள்

கிளம்பிய ஓரிரு நிமிடத்தில், தண்ணீர் சூடாகும் முன்பே மேல் ஹோஸ் கல்லாகிறதா? அந்த அழுத்தம் சிலிண்டரிலிருந்து வருகிறது. ஆயில் மூடியின் அடியிலும் டிப்ஸ்டிக்கிலும் காபி நிறத்தில் நுரைக் குழம்பு இருக்கிறதா? தண்ணீர் ஆயிலில் கலக்கிறது, வண்டியை அதன்பின் ஓட்டவே கூடாது. குறைந்த தூரம் மட்டும் ஓடும் வண்டியில் மூடியில் மட்டும் லேசான நுரை இருப்பது ஈரத்தாலும் வரும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

டீசலுக்கு நான் நம்பும் சோதனை இது. ஆறிய எஞ்சினில் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். பம்பு சுற்றாததால் அது உண்டாக்கும் சலசலப்பு இருக்காது. ரேடியேட்டரைக் கழுத்து வரை நிரப்பி, மூடியில்லாமல் ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று முறை ரேஸ் செய்யுங்கள். குமிழிகள் நிற்காமல் வந்தால் கேஸ்கட்டோ ஹெட்டோ போயிருக்கிறது. தெர்மோஸ்டாட் மூடியிருந்தால் குமிழி ரேடியேட்டருக்கு வராது என்பதால் அதைக் கழற்றி, அதன் மூடியையும் ஹோஸையும் திரும்ப மாட்டிவிட்டுச் செய்வது நல்லது. ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள், தண்ணீர் சுற்றவில்லை.

ஹெட் கழற்றினால் நேராக லேத்துக்கு அனுப்பி, பட்டை வைத்து வளைவு அளந்து, விரிசல் சோதித்து வாங்குங்கள். பார்வைக்குச் சமமாகத் தெரிவதை நம்பக்கூடாது. 0.1 மில்லிமீட்டர் வளைவே புதிய கேஸ்கட்டைத் தின்ன போதும். போல்ட்டுகளை, இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரென்ச் வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கையேடு சொல்லும் கட்டங்களில் இறுக்க வேண்டும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் போல்ட் என்று கையேடு சொன்னால் புதிதுதான் போட வேண்டும்.

பெரும்பாலும் கேஸ்கட் தானாகப் போவதில்லை. எங்கோ ஒரு ஹீட் அதைப் போக வைத்தது. மூன்றிலிருந்து பதினொன்று வரையான படிகளில் அந்தக் காரணம் கிடைக்காமல் ஹெட்டை மூடிவிட்டால், என் வண்டி மாதிரி மூன்று மாதத்தில் மறுபடி திறக்க வேண்டிவரும்.

13. நிரப்புவதும் காற்றை வெளியேற்றுவதும்

எந்த வேலை முடிந்தாலும் இந்தப் படி உண்டு. முன்பக்கம் உயர்ந்திருக்கும்படி ஒரு சரிவில் நிறுத்துங்கள். அப்போது ரேடியேட்டர் கழுத்தே உயரமான இடமாகிவிடும், காற்று அங்கே வந்து சேரும். ஹீட்டர் குமிழைச் சூடு பக்கம் திருப்பி வையுங்கள். கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து மெதுவாக ஊற்றுங்கள். நமக்குப் பனி உறையும் கவலை இல்லை. கூலண்ட் போடுவது துருவைத் தடுக்கவும் கொதிநிலையை உயர்த்தவும். கூலண்டைத் தனியாக முழுசாகவும் ஊற்றக்கூடாது, தண்ணீர் அளவுக்கு அது சூட்டைச் சுமக்காது.

மூடியில்லாமல் ஐடிலில் ஓடவிட்டு, மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும். மறுபடி நிரப்புங்கள். குமிழி நின்ற பின் மூடி, பாட்டிலை மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வரை நிரப்புங்கள்.

முதலில் லோடு இல்லாமல் அரை மணி நேரம் ஓட்டி, ஆறவிட்டு, மட்டம் பாருங்கள். கொஞ்சம் குறைந்திருப்பது இயல்பு, மாட்டியிருந்த காற்று வெளியேறியிருக்கும். மறுநாள் காலையும் அதற்கடுத்த நாள் காலையும் பார்த்து எழுதுங்கள். மூன்றாம் நாளும் குறைந்தால் ஐந்தாம் படிக்குத் திரும்ப வேண்டும். குறையவில்லை என்றால் பாதி லோடு ஏற்றி, வெயில் ஏறிய நேரத்தில், உங்கள் ஊர்ப் பக்கம் இருக்கும் ஒரு மேட்டில் ஏற்றிப் பாருங்கள். நான் ஆழியாறிலிருந்து ஒன்பதாவது வளைவு வரை ஏறி, அங்கே நிறுத்தி, அணைக்காமல் ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு வெப்பமானியால் அளப்பேன். அங்கே 95-க்குள் நின்றால்தான் மறுநாள் முழு லோடு ஏற்றுவேன்.